குண்டு விழுகிற ஊரில் ஒரு பரீட்சை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை. அடையாறில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முந்தின நாள் மாலையே கரண்ட் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விட்டது. என் கணவர் பெருங்குடி ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டார். பிளஸ் டூ படிக்கிற என் மகளோ, பள்ளிக்கு லீவு விட்ட சந்தோஷத்தில் போர்வைக்குள்ளிருந்து வெளியே வரவே மறுத்தாள்.

எங்கள் வீட்டில் பக்கவாட்டில் ஒரு சின்ன போர்ஷன் உண்டு. ஆபரேஷனுக்காக வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்கு அதை மாத வாடகைக்கு விடுகிறோம். அப்போது அங்கே இருந்தவர்கள் சூடான் நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும். அம்மா இதய வால்வு ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்தார். மகளுக்கு என் மகள் வயதுதான். ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, சமையல் என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். தமிழோ, கீரைக்காரம்மாவிடமும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரரிடமும் கற்றுக்கொண்டது. ஒரு நாள் காலையில் என் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, தண்ணி வர்ல. இன்னா மேட்டரு?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். என் மகள் உள்ளே ஓடிப்போய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர்கள் நாட்டில் சண்டை தொடங்கியதும் தலைநகரில் இருந்த வீட்டை விட்டுவிட்டு வேறொரு ஊருக்கு ஓடியிருக்கிறார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கிவிட்டார்களாம். விறகு கிடைக்காமல் பெஞ்சுகளை உடைத்து எரித்துச் சமைத்தார்களாம். "என் பெஞ்சும் போச்சு ஆன்ட்டி. பரவால்ல, அவங்க சாப்டணும்ல?" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை.

தினமும் பிற்பகலில் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் வேகவேகமாக எதையோ தட்டிக்கொண்டே இருப்பாள். அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். காட்டினாள்.

அவளுடைய வகுப்புத் தோழிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். கெமிஸ்ட்ரி ஆசிரியர் வேறு எங்கேயோ ஓர் ஊரில் இருந்தபடி, நெட் கிடைக்கிறபோது பாடத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவாராம். அந்தப் பெரிய ஃபைல்களைத் தோழிகளால் இறக்க முடியாது. சாட்டிலைட் நெட் வைத்திருக்கிற ஏதாவது ஒரு கடையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கொஞ்ச நேரம் நிற்கலாம், அவ்வளவுதான். அதில் எழுத்தாக வருவது மட்டும்தான் திறக்கும். அதனால் சென்னையில் நல்ல நெட் இருக்கிற இவள், ஆசிரியரின் குரலைக் கேட்டு, பாடம் முழுவதையும் சின்னச் சின்ன மெசேஜ்களாக எழுதி, ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். குரூப்பில் போட்டால் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று சட்டென்று தெரியாதாம்.

சண்டையால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த அவர்களுடைய பள்ளி இறுதிப் பரீட்சை, கடைசியில் ஒருவழியாக நடக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள்.

அந்த மழை நாள் காலையில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அணைந்துபோன போன்.

"ஆன்ட்டி, போன் செத்துப்போச்சு. எங்க கரண்ட் கீது?"

எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் பெண், அன்று அழுகிற நிலையில் இருந்தாள். அவள் ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஆசிரியர் அனுப்பிய கடைசிப் பாடம், சிக்னல் போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்திருக்கிறது. போனில் சார்ஜ் தீரும்வரை அதைக் கேட்டுக் கேட்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டாள். ஆனால் அனுப்ப முடியவில்லை. தோழிகள் அன்று பிற்பகல் நெட் கடைக்கு வருவார்கள். அங்கிருந்து அப்படியே லாரியில் ஏறி, பரீட்சை மையம் இருக்கிற ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊரில் நெட்டே கிடையாது. ஆக, அன்று விட்டால் விட்டதுதான்.

நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். பரீட்சை என்று சொன்னால் என் கால் தானாக நகர்ந்துவிடும். மயிலாப்பூரில் என் அம்மா வீட்டார் போகும் மாதா கோயிலின் ஞாபகம் வந்தது. மழை வெள்ளம் என்றால் கோயில் ஹாலைத் திறந்துவிடுவார்கள். ஜெனரேட்டரும் உண்டு.

"வா, போலாம்" என்றேன்.

அவளுடைய அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். "அம்மா போ சொல்லுது" என்றாள் இவள். அதற்குள் என் மகள் போர்வையை உதறிவிட்டு வந்திருந்தாள். "ஆன்ட்டியை நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்கம்மா" என்றாள்.

போனையும் காகிதங்களையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தோம். மெயின் ரோட்டில் மேடான இடத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, உள்ளே சுருண்டு படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது? அம்மாக்கு எதுனா ஆயிடுச்சா?"

அம்மாவுக்கு ஒன்றுமில்லை, போனுக்குத்தான் சார்ஜ் வேண்டும் என்றேன்.

"வண்டில பாயின்ட் கீதுக்கா. ஆனா நேத்து தண்ணி பூந்து அது புட்டுக்கிச்சு. எங்க போவணும் சொல்லு, இட்டுக்கினு போறேன்."

அடையாறு பாலத்தின்மேல் போகும்போது கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. வேடிக்கை பார்க்க நின்றவர்களைப் போலீஸ்காரர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. காகிதத்தைக் கவரோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, உதட்டுக்குள் பாடத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ஒரு பிளக் பாயின்ட். அதிலிருந்து ஒன்றோடொன்று கோத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் போனும் கையுமாக ஒரு கூட்டம். நான் மெல்ல உள்ளே நுழைந்ததுமே, மீன் விற்கிற அம்மா ஒருவர் என்னைத் தடுத்தார்.

"யம்மா, லைன்ல வா. காலைலேர்ந்து நின்னுக்கினு கீறோம். அவசரம்னா எல்லாருக்கும்தான் அவசரம்."

"இல்லம்மா, இந்தப் பொண்ணுக்கு… பரீட்சைம்மா."

"ஸ்கூல் எல்லாம் லீவு உட்டுட்டான். இன்னா பரீட்சை?"

"இவங்க ஊர்ல. அங்க சண்டை நடக்குது. குண்டு போடறாங்க. இவ பாடம் அனுப்பினாத்தான் அங்க இருக்கற பிள்ளைங்க படிக்க முடியும்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஈரத்தில் ஒட்டிப்போன முக்காடு, சேறு அப்பிய பாவாடை, கையில் கவர்.

"குண்டு போடற ஊர்ல பரீட்சை வெக்கிறானா?"

"வெக்கறாங்களாம்மா."

"அதுங்களும் படிக்குதா?"

"படிக்கறாங்களாம்மா."

அவர் குனிந்து தன் போனைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, "குத்து கண்ணு" என்றார். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "ஏய், பரீட்சைன்றாங்கல்ல?" என்று இந்த அம்மா திரும்பி ஒரு அதட்டல் போட்டார். வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். பரீட்சை என்கிற வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதையை அன்று கண்ணால் பார்த்தேன்.

போனுக்கு உயிர் வந்ததும் அவள் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சார்ஜ் ஏற ஏற, காகிதத்தைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "தோ பாரு, அந்தப் பக்கத்துலேர்ந்து எழுதுது" என்று, வலமிருந்து இடமாக ஓடிய அரபி எழுத்தை ஒருத்தி மற்றவளுக்குக் காட்டினாள். பங்குச்சாமியார் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே ஆறி ஆடை கட்டியது.

எழுதி முடித்தபோது அவளுடைய தோழிகள் கடைக்கு வருகிற நேரம் நெருங்கியிருந்தது. ஆனால் ஹாலுக்குள் சிக்னல் இல்லை. "மொட்ட மாடில டேங்காண்ட கொஞ்சம் கெடைக்குது" என்றார் யாரோ. ஏறினோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் வண்டியிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து ஒரு முனையைப் பிடித்தார். மீன்காரம்மா மறுமுனையைப் பிடித்தார். அதன் அடியில் குனிந்து நின்று அவள் ஒவ்வொருத்திக்கும் அனுப்பினாள்.

மெசேஜுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. அனுப்பியாயிற்று, போய்ச் சேரவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் லாரி ஏறிவிட்டார்களோ என்று நினைத்து, "மாதாவே" என்று சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஒருத்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அடுத்து இன்னொருத்திக்கு. அப்புறம் வரிசையாக விழுந்தன. சற்றைக்கெல்லாம் சில நொடிகளே ஓடும் ஒரு குரல் பதிவு எப்படியோ வந்து சேர்ந்தது. அவள் அதைப் போட்டாள். பின்னால் லாரி எஞ்சின் உறும, பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சிரிக்கிறார்கள், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் மீன்காரம்மா தார்ப்பாயை விட்டுவிட்டுக் கை தட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது.

சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "கண்ணு, நீ எப்ப பரீட்சைக்குப் போற?"

எனக்குத் தோன்றாத கேள்வி அது. தினமும் பார்க்கிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை.

"நான் போகல அக்கா" என்றாள் அவள், போனைத் துடைத்துக்கொண்டே. "இந்தியால சென்டர் இல்ல. அம்மா ஆபரேஷன் பண்ணிச்சு, அதை வுட்டுட்டு எப்டி போறது? நான் அடுத்த வருஷம்."

"அப்போ இந்தப் பாடமெல்லாம்?"

"ஃப்ரெண்ட்ஸு."

ஆட்டோக்காரர் தார்ப்பாயை மடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே இறங்குவதற்கு முன் நான் கவனித்தேன். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இரண்டாவது டிக் வரவில்லை. விரலால் மேலே தள்ளிக் காட்டினாள். அன்றைய பாடம் மட்டுமல்ல, சில வாரங்களாக அனுப்பிய எல்லாப் பாடங்களுக்கும் ஒற்றை டிக்தான். அந்தத் தோழி இருந்த ஊரில் சண்டை புகுந்துவிட்டதாம். அவள் எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

"அப்புறமும் ஏம்மா அனுப்பறே?"

"ஒரு நாள் போன் ஆன் பண்ணுவா ஆன்ட்டி. அப்போ எல்லாப் பாடமும் வரணும்ல?"

அவள் தலையில் இருந்த ஈரத்தை என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கு என் மகள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிற்பகல் வேளைகளில் வாசல் படிக்கட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து படித்தார்கள்.

தோழிகளில் பெரும்பாலோர் பரீட்சை எழுதினார்கள். இரண்டு பேரால் மையத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பொங்கல் கழிந்து, அம்மாவின் உடம்பு தேறியதும் அவர்கள் கெய்ரோவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்கு அதே ஆட்டோதான். அவர் பைசா வாங்க மறுத்துவிட்டார். மறு வருடம் அங்கிருந்தே பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கிவிட்டதாக எனக்கு மெசேஜ் அனுப்பினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள், "ஆன்ட்டி, சூப்பர் மேட்டரு" என்று. காணாமல்போன தோழியைப் பற்றி அவள் எதுவும் எழுதவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

இத்தனை வருடமாக என் வகுப்பில், "பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாதே, கையால் மறைச்சுக்கிட்டு எழுது" என்று சொல்லியே பழகியவள் நான். இப்போது அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தான் எழுதாத பரீட்சைக்காக மழையில் நனைந்துகொண்டு பாடம் அனுப்பிய அந்தப் பெண்ணின் முகம் வந்து நிற்கிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.