மொராவெக் கல்லறையில் நாற்பத்து மூன்று மெழுகுவத்தி

அல்போன்சா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ராயபுரம் மாநகராட்சிப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ கணக்கில் தவறியவள், அதே வருடம் அக்டோபரில் மறுபடி எழுதி இருநூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு மார்க் வாங்கினாள். இரண்டு தடவை இல்லையென்று சொல்லி அனுப்பிய விசா அலுவலகத்துக்கு மூன்றாம் தடவையும் போய் விசா வாங்கினாள். டெக்ஸஸில் கார் லைசென்ஸ் நான்காவது முயற்சியில் கிடைத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் லைசென்ஸுக்கு, ஏர் பிரேக் சோதனையில் மட்டும் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் தேறினாள். நாலடி பதினோரு அங்குல உயரத்துக்கு நாற்பதடிப் பேருந்தா என்று சிரித்த கணவன் ரூஃபஸ், அவள் அதைப் பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்தபிறகு சிரிப்பதை விட்டுவிட்டான். கடைசியாக ஜெயித்தது ஒன்று இருக்கிறது. அது ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

டெக்ஸஸின் சுகர் லேண்ட் நகரத்திலிருந்து தென்மேற்கே அறுபது மைல் போனால் மொராவெக். பெயர்ப்பலகையில் மக்கள்தொகை 412 என்று போட்டிருக்கும். நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் செக் நாட்டிலிருந்து வந்து பருத்தி போட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் ஊர் முழுக்க. தபால் பெட்டிகளில் இருக்கும் பெயர்களே கல்லறைக் கற்களிலும் இருக்கும். ரூஃபஸ் மின் நிலையத்தில் மெயின்டெனன்ஸ் வேலை. சுகர் லேண்ட் அபார்ட்மென்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, 2019-இல் மொராவெக்கில் ஏழு ஏக்கரும் ஒரு பழைய வீடும் வாங்கினான். அல்போன்சாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. மீன் வண்டிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, பக்கத்து வீடு அரை மைல் தள்ளி இருப்பது வீடே இல்லாத மாதிரி இருந்தது.

பழகப் பழகச் சரியாயிற்று. கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் எந்த சுவிட்சைத் தட்ட வேண்டும், செப்டிக் டேங்க் மேல் எந்தச் செடி வைக்கக்கூடாது, கோழிக்கூண்டில் பாம்பு இருந்தால் யாருக்கு போன் போட வேண்டும் என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் கைவந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஐஸ் பெட்டியோடு சுகர் லேண்ட் போய்க் கறிவேப்பிலையும் வஞ்சிரமும் வாங்கி வருவார்கள். அந்த ஊரில் எதிரே வண்டியில் வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். வந்த முதல் மாதத்தில் தனக்கு அறுபத்தொரு விரல் வணக்கம் கிடைத்ததாக அல்போன்சா எண்ணி வைத்திருந்தாள். பேருந்து ஓட்ட ஆரம்பித்த பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஊர்ப் பிள்ளைகள் இருபத்தேழு பேர் அவள் வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறார்கள், வணக்கத்துக்குக் கணக்கு ஏது? பெரியவர்கள் அவளை 'மிஸ் அல்' என்று கூப்பிட்டார்கள். இதையெல்லாம் ஞாயிறுதோறும் ராயபுரத்துக்கு வீடியோ காலில் சொல்வாள். அங்கிருக்கும் அவள் அண்ணன் நாளும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொள்வான். இங்கே வரும் தேதிகள் அந்தக் குறிப்பிலிருந்துதான்.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை, கல்லறைத் திருநாள். மொராவெக் கோயிலில் மாலை நான்கு மணிக்குப் பூசை முடிந்தது. வேறு ஊரிலிருந்து வரும் பாதிரியார் அடுத்த பூசைக்கு ஓட வேண்டியிருந்ததால், கல்லறைத் தோட்டத்தைச் சுருக்கமாக மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். ஜனங்களும் கலைந்தார்கள். சில கல்லறைகளில் புதிய பூ இருந்தது. பல கல்லறைகளில் ஒன்றுமே இல்லை.

ராயபுரத்தில் அன்றைக்கு ஆள் வராத கல்லறை என்று ஒன்று இருக்காது. தங்கள் குடும்பத்துக்கு ஏற்றி முடித்தவர்கள் கையில் மிச்சமிருக்கும் மெழுகுவத்தியை, பேர் அழிந்துபோன குழிக்கும் ஒன்று ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அல்போன்சாவுக்கு மொராவெக்கில் செத்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் வண்டியில் இரண்டு பெட்டி மெழுகுவத்தி கொண்டு வந்திருந்தாள். பூ இல்லாத கல்லறைகளாகப் பார்த்து, நாற்பத்து மூன்று மெழுகுவத்திகளை நட்டு ஏற்றினாள். ரூஃபஸும் பத்தாவது படிக்கும் மகள் அபிகாயிலும் காரில் காத்திருந்தார்கள்.

ஊரில் எப்படி நடுவாளோ அப்படியே நட்டாள். தப்பு அங்கேதான். ராயபுரத்துக் கல்லறை மணலும் சிமென்டும். இங்கே இருந்தது புல். அந்த அக்டோபரில் ஒரு சொட்டு மழை இல்லை. திறந்த வெளியில் தீ மூட்டத் தடை என்று தபால் அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அல்போன்சா அதைப் படித்துமிருந்தாள். குப்பை எரிப்பதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து பத்துக்கு வடக்குக் காற்று எழும்பியது. அவள் கடைசி வரிசையில் இருந்தபோது முதல் வரிசையில் புகை. துப்பட்டாவால் அடித்தாள், செருப்பால் மிதித்தாள். ரூஃபஸ் கார் மிதியடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அபிகாயில் 911-க்கு போன் செய்தாள். நெருப்பு வேலியைத் தாண்டி லாடிஸ் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரரின் நிலத்துக்குள் போய்விட்டது. அங்கே அவர் மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனமாக ஆளுயரத்துக்குச் சுருட்டி வைத்த காய்ந்த புல் உருளைகள் இருந்தன. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படை பத்தொன்பது நிமிடத்தில் ஒரு சின்ன வண்டியோடு வந்தது. தண்ணீர் கொண்டுவரும் பெரிய டேங்கர் வரவில்லை. அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் அன்று ஊரில் இல்லை.

ஒருவருக்கும் காயமில்லை. பதினொரு புல் உருளை, முந்நூறு அடி வேலி, ஒரு மரச் சிலுவை எரிந்து போயின. யாரும் அல்போன்சாவைத் திட்டவில்லை. திங்கட்கிழமை பேருந்தில் பிள்ளைகள் வழக்கம்போல ஏறினார்கள். எதிரே வந்த வண்டிகளில் ஒரு சிலர் விரலைத் தூக்கவில்லை. இப்போது அவள் மறுபடி எண்ண ஆரம்பித்திருந்தாள்.

ரூஃபஸ் அந்த வாரமே முடிவுக்கு வந்துவிட்டான். "வித்துட்டு சுகர் லேண்டுக்கே போயிடலாம், அல்போன்ஸ். இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த சர்ச்சுக்குப் போறது?"

"இப்ப போனா, கொளுத்திட்டு ஓடிட்டாங்கன்னுதான் பேச்சு நிக்கும்" என்றாள் அவள். "ஒரு வருஷம் டைம் குடுங்க. டேங்கர் ஓட்ட ஆளில்லன்னு சொன்னாங்க இல்ல? நான் போய் அப்ளை பண்றேன். என்ன சேத்துக்கிட்டா இருப்போம். சேத்துக்கலன்னா நானே கேட்ல 'ஃபார் சேல்' போர்டு நட்டுடறேன்."

அபிகாயில் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "மா. யூ ஸ்டார்ட்டட் தி ஃபயர்."

"அதாண்டி, எங்க புடிக்கும்னு எனக்குத்தான நல்லா தெரியும்" என்றாள் அல்போன்சா. ரூஃபஸ் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. வீடு விற்பதை அடுத்த கல்லறைத் திருநாள் வரை தள்ளிப்போட்டார்கள்.

முதல் வேலையாக லாடிஸின் வேலி. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அல்போன்சாவும் ரூஃபஸும் போய்க் குழி தோண்டிக் கம்பம் நட்டு முள்கம்பி இழுத்துக் கட்டினார்கள். லாடிஸ் டிராக்டரில் கம்பங்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சனிக்கிழமைதான் வாயைத் திறந்தார். எத்தனை ஏற்றினாய் என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றாள். எதற்கு என்றார். பூ இல்லாத கல்லறைக்கெல்லாம் ஒன்று, எங்கள் ஊரில் அப்படித்தான் என்றாள்.

"ஃபிராங்க்னு ஒரு கல்லு. அதுக்கும் வெச்சியா?"

அல்போன்சா கம்பியை விட்டு நிமிர்ந்தாள். "மூணாவது வரிசை. வேலி ஓரம். 2018-ன்னு போட்டிருக்கும்."

"என் தம்பி" என்றார் லாடிஸ். தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "புதைச்ச அன்னைக்குப் போனதுதான். அப்புறம் நான் போகல." டிராக்டரைக் கிளப்பியபிறகு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்: "அடுத்த தடவ கண்ணாடி ஜாடிக்குள்ள வை, மிஸ் அல்."

டிசம்பரில் தீயணைப்புப் படைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். படைத் தலைவர் வெய்ன், பகலில் ஹார்டுவேர் கடை நடத்துகிறவர், விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். ஊரில் எல்லாரும் காலையில் ஃப்ரீவே ஏறி வெளியூருக்கு வேலைக்குப் போய்விடுவதால், பகல் நேரத்தில் தீப்பிடித்தால் வர ஆளில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அல்போன்சா காலை எட்டரையிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை வீட்டில்தான் இருப்பாள். ஆனாலும் விதி விதிதான் என்றார். ஆறு மாதம் செவ்வாய்தோறும் பயிற்சி. அப்புறம் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டில் ஜெயித்தாலும், தொண்ணூறு நாளுக்குள் ஓர் அழைப்புக்காவது போய்வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அந்த நோட்டு, தீயணைப்பு வண்டிகள் நிற்கும் ஷெட்டில் வாசற்பக்கச் சுவரில் தொங்கியது. நீல அட்டை; பேனாவை நூலால் கட்டியிருந்தார்கள். தேதி, நேரம், வண்டி, பெயர் என்று நான்கு கட்டம். தீயணைக்கப் போய்வந்தவர்கள் மட்டும்தான் அதில் எழுதலாம். அல்போன்சா ஆறு மாதம் ஹோஸ் குழாய்களைக் கழுவினாள், உலர்த்தினாள், சுருட்டினாள். இரண்டாயிரம் கேலன் தண்ணீர் டேங்கரைக் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும்போதுதான் ஆபத்து, திருப்பத்தில் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கும் என்று கற்றாள். இருபத்தேழு பிள்ளைகளும் ஒரே பக்க ஜன்னலுக்கு ஓடினால் பேருந்து என்ன செய்யும் என்று தெரிந்தவளுக்கு இது புதிதாக இல்லை. பயிற்சி முடிந்து போகும்போதெல்லாம் நோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாளும் அந்தப் பேனாவைத் தொடவில்லை.

2025 ஜூன் 10, செவ்வாய். பத்தொன்பது பேர் கூடினார்கள். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெக்கைக்கு ஷெட் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் பேச்சு காதில் விழுந்தது. கல்லறையையே கொளுத்திய அம்மாவா என்று ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிலொன்றும் விஷமில்லை, ஆனாலும் அல்போன்சா வெளியே நின்ற டேங்கரின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது வெய்ன், புல்லைப் பறிகொடுத்தவர் சொல்லட்டும் என்றார். லாடிஸ் நாற்பத்தாறு வருட உறுப்பினர்.

"அந்த வண்டிய அவ ரிவர்ஸ் எடுக்கறத மூணு வாரமா பாத்துட்டிருக்கேன்" என்றார் லாடிஸ். "இங்க உக்காந்திருக்கற எவனும் அப்படி எடுக்க மாட்டான். வெய்ன், நீ உட்பட. போன வருஷம் என் கேட்ட இடிச்சது யாரு?"

பதினாறுக்கு மூன்று. ஆனால் தொண்ணூறு நாள் அன்றிலிருந்து ஓட ஆரம்பித்தது.

அந்தக் கோடையாகப் பார்த்து மழை பெய்தது. ஜூனில் பெய்தது, ஜூலையிலும் பெய்தது. புல் பச்சையாக நின்றது. எங்கேயும் எதுவும் பற்றவில்லை. ஊரே மழைக்கு நன்றி சொன்னது. அல்போன்சாவும் சொன்னாள், ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆகஸ்டில் பள்ளி திறந்தது. திறந்த இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று இருபதுக்கு தீ அழைப்புக்காகப் படையில் கொடுத்து, இடுப்பில் மாட்டியிருந்த பேஜர் அடித்தது. அவள் ஸ்டியரிங்கில் இருந்தாள். வண்டியில் இருபத்தேழு பிள்ளைகள். ஓரம் கட்டினாள். வேறு யாரோ ஓட்டிக்கொண்டு டேங்கர் சைரனோடு எதிரே தாண்டிப் போயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் ரூஃபஸ், இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டான். இருபத்தைந்து என்றாள்.

எழுபத்தெட்டாம் நாள், புதன்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு மறுபடி அடித்தது. ஏதோ டிரெய்லரின் சங்கிலி ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்து, நாலு மைல் தள்ளி ரோட்டோரப் புல் பற்றியிருந்தது. அல்போன்சா குழம்பு அடுப்பை அணைத்துவிட்டோமா என்று திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடினாள். ஷெட்டில் யாரும் இல்லை. சீட்டின் மேல் தன் குஷனைப் போட்டு ஏறி, டேங்கரைத் தனியாகவே வெளியே எடுத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பதினான்கு. வெய்னும் இன்னொருவரும் சின்ன வண்டியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் கேலன் எட்டு நிமிடத்தில் தீர்ந்தது. மறுபடி நிரப்ப அருகில் இருந்தது லாடிஸின் குளம் ஒன்றுதான். அங்கே போக ஒரே ஒரு கேட்; டேங்கருக்கு இருபுறமும் ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. பம்பு பின்னால் இருப்பதால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். லாடிஸ் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். இடது வா, வலது வா என்று கை காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். மூன்று தடவை போய் வந்தாள். மூன்று தடவையும் அப்படியே நின்றார்.

ஷெட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்று முப்பத்தைந்து. முகம் முழுக்கக் கரி. வெய்ன் முதலில் எழுதினார், மற்றவர் எழுதினார், பேனாவை அவளிடம் நீட்டினார்கள். நூல் அவள் உயரத்துக்குத் தாராளமாக எட்டியது. சீக்கிரம், உனக்கு இரண்டரைக்கு பஸ் இருக்கிறது என்றார் வெய்ன். அல்போன்சா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேரம் எழுதினாள், வண்டி எழுதினாள், பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். கடைசியாகத்தான் தேதிக்கான முதல் கட்டம் காலியாக இருப்பதைக் கவனித்து, அதையும் நிரப்பினாள்: 2025 ஆகஸ்ட் 27.