செத்துப் பிழைத்த கோவேறு கழுதை

அந்த அச்சகத்தில் அவளைச் 'சிவப்புப் பேனா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வருஷமாக, இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு மேஜை போட்டுக்கொண்டு, அடுத்தவர் பிழையைத் திருத்துவதே அவள் பிழைப்பு. போன வருஷம் ஒரு சமையல் புத்தகத்தில் ஒரு வரி கண்ணில் படாமல் தப்பிவிட்டது. ஒரு சிட்டிகை உப்பு என்பதற்குப் பதில் ஒரு கிண்ணம் உப்பு. வாசகர்கள் சும்மா இருப்பார்களா? கடிதமாக எழுதித் தள்ளிவிட்டார்கள்.

"இனிமே ஒரே ஒரு கடுதாசி வந்தாலும் நீங்க வீட்டுல ஓய்வெடுக்கலாம்மா" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நம்புவதற்கு அவள் என்ன நேற்றுப் பிறந்தவளா?

இந்த நேரம் பார்த்தா அந்த மனுஷர் வந்து சேர வேண்டும்! ஓய்வுபெற்ற தபால்காரர். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வணிகன் கிழக்கு நாடுகளுக்குப் போய்த் திரும்பிய ஒன்பது வருஷப் பயணத்தை நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். பனிமலை, பாலைவனம், கொள்ளையர் எல்லாம் உண்டு. எழுதுகிறவர் மட்டும் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. எழுத எழுத அச்சுக்குக் கொடுத்துவிடுவார். முன்பாதி அச்சாகி மூலையில் அடுக்கியிருந்தது. பின்பாதி அவர் தோள்பையில் வந்துகொண்டிருந்தது.

இருபதாம் அத்தியாயத்தில் அவள் பேனா நின்றது.

"சார், இந்தக் கோவேறு கழுதை எட்டாவது அத்தியாயத்துலயே செத்துப்போச்சே!"

"அப்படியாம்மா?"

"மலையில இருந்து விழுந்துச்சு. வணிகன் அழுதான். நானே அழுதேன். இப்ப அதே கழுதை பாலைவனத்துல அவனைச் சுமக்குதே, எப்படி?"

"அது இல்லேன்னா அவன் தாகத்துல செத்துருவானேம்மா. பாவம் இல்லையா?"

"அவன் பாவம், என் வேலை போனா பரவாயில்லையா?"

எட்டாம் அத்தியாயத்தைத் தொட வழியில்லை, அச்சாகிவிட்டது. அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தரம் படித்தாள். கழுதை விழுந்ததை வணிகன் கண்ணால் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடந்தான். சமையல்காரன் வந்து சொன்னதுதான்.

"சமையல்காரன் புளுகிட்டான். கழுதையைத் திருடி வித்துட்டான். போதுமா?" என்றாள் மறுநாள்.

தபால்காரர் துள்ளிக் குதித்தார். விட்டது சனியன் என்று பார்த்தால், சமையல்காரனைத் துரத்திப் பிடிக்க ஐந்து அத்தியாயம் புதிதாக எழுதிக்கொண்டு வந்து நின்றார். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு கொழுத்துக் கழுதையாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் திருத்தினாள். ஒரு பிழை விடவில்லை.

ஆயிரம் பிரதிகளும் தயாரான காலையில், புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்த தபால்காரர் முதல் பிரதியை அவள் கையில் கொடுத்தார். "பிரிச்சுப் பாருங்கம்மா."

முதல் பக்கமே அவள் பார்த்திராத பக்கம். 'ஏழு வருஷப் பயணத்தில் வணிகனையும் அவன் கழுதையையும் உயிரோடு வீடு சேர்த்த பிழை திருத்தும் அம்மாவுக்கு' என்றிருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் யாரும் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். மறு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது.

"ஏழா? ஒன்பதுய்யா, ஒன்பது!"

"ஐயையோ! உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நேரா அச்சடிக்கிறவர் கையில குடுத்தேன்மா."

"மொத்தப் புத்தகத்துல நான் பார்க்காதது இந்த ஒரு பக்கம்! அதுலயா கோட்டை விடணும்? என் தலையெழுத்து!" கோபமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

சாயங்காலம் புத்தகங்களை ஏற்றிப்போக வண்டி வந்துவிடும். இழுப்பறையிலிருந்து இரண்டு கறுப்புப் பேனாக்களை எடுத்து, ஒன்றை அவர் கையில் திணித்தாள். "உட்காருங்க. ஒவ்வொண்ணுலயும் அடிச்சுட்டு மேல ஒன்பதுன்னு எழுதுங்க. எழுத்து அழகா இருக்கணும், சொல்லிட்டேன்."

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் எழுதினார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடிந்தது. மேஜையோரம் கிடந்த முதல் பிரதியை எடுத்துத் திருத்தப் போனார் தபால்காரர். வெடுக்கென்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இதுல பேனா வைக்காதீங்க. இது என்னோடது" என்று சொல்லி, பிழையோடு அப்படியே சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.