உப்பு பார்த்த நாக்கு

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஏரித் தண்ணீரைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். அந்தச் சோதனையை வைத்துத்தான் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவை நிறுத்துவார்கள் என்று சொன்னார்கள். எண்ணெய் வைத்து வாரிய தலை, இஸ்திரி கலையாத சட்டை. பாட்டிலை நிரப்பும் முன் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

கழிவு வந்து தேங்கும் மூலையில் அப்படி வைத்தவர், காறித் துப்பினார்.

“இன்னா சார், உப்பா?” என்றேன்.

“வாய் குறுகலான கடல்லயே உப்பு இப்படித்தாம்மா ஏறிப்போவும். தண்ணி வந்து போனாத்தான் உப்பு கொறையும். இங்க வர்ற தண்ணி வெளிய போறதுக்கு வழி இல்ல. வெயில் தண்ணியத் தூக்கிட்டு உப்ப வுட்டுடுது.”

அவ்வளவு தெரிந்தவர், மழைத்தண்ணீர் இறங்கும் கால்வாய்க்குப் போய் அங்கே பாட்டிலை நிரப்பினார்.

“அந்த மூலையில மொள்ளுங்க சார். அதுதான் எங்க கெணத்துல ஊறுது.”

“இங்கதான் எடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா.”

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தேன். அதையும் துப்பினார்.

“நீங்க துப்பிட்டீங்க. நாங்க குடிக்கிறோம்” என்றேன்.

தலை நிமிராமல் பாட்டிலை மூடினார்.

நாக்கு உண்மையைச் சொன்ன பிறகும் அந்தக் கை கால்வாயில் மொள்ள எப்படித் துணிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.