முதலில் ஏற்றிய பெட்டி

என்னுடைய முதல் வீட்டுச் சாமான் ஹயரிலேயே, அதாவது வாடகை ஓட்டத்திலேயே, ஒரு குடும்பத்தை அவர்களுடைய சொந்த வாசலில், கொட்டுகிற மழையில், அரை மணி நேரம் நிற்க வைத்த பெருமை எனக்கு உண்டு. புதிதாக லொறி எடுத்து ஹயர் ஓடும் தம்பிமார் படித்துச் சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தால் எனக்குச் சந்தோஷம்.

1. மூட்டை

ஓப்பநாயக்க பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டினேன். மலையில் பறித்த பச்சைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டு போவதுதான் வேலை. தேயிலை ஃபெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்தை அமுக்கி ஏற்றினால் சூடேறிச் சிவந்துவிடும். அதன் பிறகு டீமேக்கர் பேசுகிற பேச்சில் நம் முகமும் சிவந்துவிடும். அதனால் கசங்காமல், சரியாமல் ஏற்றுவது எனக்குக் கைவந்த கலையாகிவிட்டது. கயிறு கட்டுவதில் இன்னும் கெட்டிக்காரன். நான் போட்ட முடிச்சை என்னைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது என்று தோட்டமே சொல்லும். தோட்டம் சொல்ல மறந்த நாட்களில் நானே சொல்லிவிடுவேன்.

வேலையை விட்டு வந்ததும் பழைய லொறி ஒன்றை வாங்கி ஓப்பநாயக்க டவுனில் ஹயருக்கு நிறுத்தினேன். மூன்றாம் நாள் பரமேஸ்வரி வந்தாள். எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் கொழுந்தெடுக்கிறவள். எத்தனையோ வருடம் அவள் பறித்த கொழுந்தை நான் ஏற்றியிருக்கிறேன்.

"டிரைவரண்ணே, வர்ற வியாழக்கிழம லொறி வேணும். கொடகவெலைக்கு வீடு மாறுறோம்" என்றாள்.

"அட, சொந்த வீடா?"

"ஆமாங்க. ரெண்டு ரூமு, ஒரு குசினி. எங்க வீட்டுக்காரருக்கு அங்க ஒரு ஸ்டோர்ல வேலை கெடச்சிருச்சு." சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. உடனே விரலை நீட்டி எச்சரித்தாள். "பத்து மணிக்கும் பத்து நாப்பதுக்கும் நடுவுல பால் பொங்கணும்ங்க. பூசாரி எழுதிக் குடுத்துட்டாரு. அத விட்டா ஆடி பொறந்துரும்."

ஆனியில் அதுதான் கடைசி நல்ல நாள். ஆடியில் புது வீட்டுக்குள் காலடி வைக்க எங்கள் ஆட்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். "ஒன்பதரைக்கே வாசல்ல எறக்கி விடுறேன், கவலைய விடு" என்றேன். வாய் தானே, சொல்லிவிட்டது.

2. ஏற்றுமதி

முந்தின நாள் அளவெடுக்கப் போனேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறையில் நிற்க இடமில்லை, ஆனால் அவ்வளவும் ஒழுங்கு. இரண்டு வாரமாகக் கட்டியிருக்கிறாள். கழுவிக் காயவைத்த உரச் சாக்குகளில் உடுப்பு, கடையில் கேட்டு வாங்கிய பிஸ்கட் அட்டைப் பெட்டிகளில் பீங்கான், டீவியைச் சுற்றி இரண்டு போர்வை. ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கிழிசலை முடிந்திருந்தாள். சிவப்பு என்றால் குசினி, பச்சை என்றால் முன் அறை, மஞ்சள் என்றால் படுக்கிற அறை. எதை எங்கே இறக்குவது என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீசில்கூட இப்படி ஒரு பிளானை நான் பார்த்ததில்லை.

ஒரு தகரப் பெட்டியில் மட்டும் துணி இல்லை. சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் பொங்க வைக்கப் புதிதாக வாங்கிய பித்தளைச் சட்டி எல்லாம் அதில்தான் இருந்தன.

வியாழக்கிழமை காலை லொறியைப் பின்னால் எடுத்து லயத்து வாசலில் நிறுத்தினேன். பரமேஸ்வரியின் புருஷன் சிவலிங்கம் குளித்துத் திருநீறு பூசி, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல மனுஷன், சாமி காரியத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம்.

"அண்ணே, சாமிப் பெட்டிதான் முதல்ல ஏறணும். அதுக்கு முன்னாடி ஒரு துரும்பு ஏறக்கூடாது" என்றான்.

"ரொம்பச் சரி" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினேன். லொறியிலேயே ஆட்டம் குறைந்த இடம் எது? கெபினுக்குப் பின்னால் இருக்கும் மூலை. அங்கே சாக்கு விரித்துச் சாமியைப் பத்திரமாக உட்கார வைத்தேன்.

கீழே நின்ற பரமேஸ்வரி எட்டிப் பார்த்து, "அங்க வச்சா எடுக்க வசதியா இருக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

"தங்கச்சி, இருபத்திரெண்டு வருஷமா ஏத்துறேன்" என்றேன்.

அவள் திரும்பிச் சாக்குகளை எண்ணப் போனாள். பெட்டிக்கு முன்னால் அலுமாரி, அதன் பக்கத்தில் தையல் மெஷின், கட்டில் பலகை, மேசை, சாக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே மெத்தை. தறப்பாளை இழுத்து மூடி, தும்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, என்னுடைய பேர்போன முடிச்சைப் போட்டேன். லயத்து ஆண்கள் சுற்றி வந்து பார்த்து, "கோயில் தேர் மாதிரி இருக்குண்ணே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் ஸ்டார்ட் பண்ணும்போதே சிவலிங்கத்தின் தம்பி குடும்பம் அந்த அறை வாசலில் அவர்களுடைய திரைச்சீலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. அறை அவர்களுக்குக் கைமாறிவிட்டது.

3. பத்து மணி எட்டு நிமிடம்

பெல்மதுளையில் மழை பிடித்தது. கஹவத்தைக்கு முன்னால் ஒரு பெரிய கிளை ரோட்டில் விழுந்து கிடந்தது. அதை வெட்டி இழுக்கும்வரை நின்றோம். பரமேஸ்வரி கெபினில் என் பக்கத்தில் பால் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவலிங்கம் நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தான். புது வீட்டு வாசலில் பிரேக் போட்டபோது மணி பத்து எட்டு.

"முப்பத்திரெண்டு நிமிஷம் இருக்கே, தாராளம்" என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிங்கள அம்மா குடையோடு ஓடி வந்தார். பெயர் சோமாவதி. சோமாக்கா என்று கூப்பிடச் சொன்னார். முற்றத்தில் மூன்று செங்கல்லைத் துடைத்து அடுப்பாக வைத்து, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து மழை படாமல் அவரே ஏற்பாடு செய்திருந்தார். அவர்களும் புது வீட்டில் பால் பொங்க வைப்பவர்கள்தானே, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"நெகத கீயடத?" என்று நல்ல நேரத்தைக் கேட்டார். சிவலிங்கம் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "முட்டிய கோ?"

சட்டி எங்கே?

மூன்று பேரும் திரும்பி லொறியைப் பார்த்தோம். பால் மடியில் இருக்கிறது. சட்டி இருக்கிறது அலுமாரிக்கும் அந்தப் பக்கம், ஒரு வீட்டுச் சாமான் முழுவதற்கும் பின்னால்.

"மத்தத எறக்கிட்டு எடுத்துரலாம்" என்றேன், குரலைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு.

"எங்க எறக்குறது? சாமி போகாம ஒரு சாமானும் உள்ள போகக்கூடாதுங்களே!" என்றான் சிவலிங்கம்.

வெளியே இறக்கலாம் என்றால் மழை. சோமாக்கா தன் விறாந்தையைக் காட்டினார். ஆனால் அலுமாரியை அசைக்க நாலு ஆள் வேண்டும். லயத்திலிருந்து பஸ்ஸில் பின்னால் வருகிறோம் என்ற நாலு பேரும் இன்னும் பெல்மதுளையைத் தாண்டவில்லை. சோமாக்கா தன் வீட்டுப் புதுச்சட்டியைத் தரவா என்று கேட்டுவிட்டு, அவரே வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டார். முதல் பால் சொந்தச் சட்டியில்தான் பொங்க வேண்டும் என்பது அவர்களுக்கும் உண்டு.

சிவலிங்கம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "நேரம் தப்பிருச்சுன்னா ஆவணி வரைக்கும் உள்ள போக முடியாது. லயத்துலயும் எடமில்ல. எங்கண்ணே போறது?"

வெட்கமாக இருந்தது. அப்போதுதான் விளங்கியது. கொழுந்து மூட்டையில் எது முதலில் இறங்கினால் என்ன, எல்லாம் ஒரே கொழுந்து. இருபத்திரண்டு வருடத்தில், இறங்கினதும் முதலில் எது வேண்டும் என்று என்னைக் கேட்க வைத்த ஒரு மூட்டையும் கிடையாது. கேட்ட ஒருத்தியின் வாயையும் நானே அடைத்திருந்தேன்.

4. சாய்மானம்

பரமேஸ்வரி மட்டும் லொறியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "அண்ணே, பின்னாலதான் தொறக்கணுமா? கெபின் மேல ஏறி முன்பக்கம் தறப்பாளத் தூக்கினா?"

"மெத்தை நனஞ்சிரும் தங்கச்சி."

"மெத்தைய வெயில்ல போட்டா காஞ்சிரும். நேரத்த எங்க போடுறது? கயித்த அவுருங்க."

அவிழ்க்கப் போனேன். தும்புக் கயிறு மழையில் ஊறி இறுகிக் கிடந்தது. இழுத்தேன், பல்லால் கடித்தேன். நான் போட்ட முடிச்சை வேறு யாரும் அவிழ்க்க முடியாது என்பது உண்மைதான். அன்றைக்கு என்னாலும் முடியவில்லை. மணி பத்து பதினெட்டு. "கத்தி இருக்காண்ணே?" என்றாள் பரமேஸ்வரி. என் தொழிலில் அன்றுவரை ஒரு கயிற்றைக்கூட நான் அறுத்ததில்லை. அன்று அறுத்தேன்.

மேலே ஏறுவதற்கு என் வயிறு இடம் கொடுக்காது. சிவலிங்கம் எழுந்து வருவதற்குள் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பம்பரில் கால் வைத்து, கெபின் கூரையில் ஏறிவிட்டாள். வழுக்குகிற மலையில் தினமும் கூடையோடு நடக்கிறவளுக்கு என் லொறி எம்மாத்திரம். தறப்பாளை விலக்கி, மெத்தையில் குப்புறப் படுத்து, அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பெட்டியின் காதைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"கெடச்சிருச்சு!"

கூரையிலிருந்து நீட்டினாள். பம்பரில் நின்ற சிவலிங்கம் வாங்கினான். வாங்கிய வேகத்தில் மூடி திறந்து, பித்தளைச் சட்டி உருண்டு, பொனட்டில் ஒரு அடி, தரையில் ஒரு அடி பட்டு, சோமாக்காவின் காலடியில் போய் நின்றது. ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. சிவலிங்கத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கமக் நே, கமக் நே" என்று சோமாக்கா சட்டியை எடுத்துத் துடைத்தார். பரவாயில்லை என்று அர்த்தம். ஓட்டை எதுவும் விழவில்லை.

சாமி படமும் விளக்கும் உள்ளே போயின. விறகு ஈரமாக இருந்ததால் சோமாக்கா தன் அடுப்பிலிருந்து கனிந்த சிரட்டைக் கரியை ஒரு தாச்சியில் அள்ளி வந்தார். சிவலிங்கம் ஒரு கணம் தயங்கினான். "நெருப்பு எந்த வீட்டு அடுப்புல இருந்து வந்தா என்னங்க? குடுக்கிற மனசு இருக்குல்ல" என்றாள் பரமேஸ்வரி. மணி பத்து இருபத்தாறு. சட்டியில் கழுத்துவரை பாலை ஊற்றினாள். நான் முழங்காலில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் அட்டையால் விசிற ஆரம்பித்தேன்.

பால் சுட்டு ஆடை கட்டும் நேரத்தில் சிவலிங்கத்துக்கு அடுத்த கவலை வந்தது. "அண்ணே, நசுங்கின பக்கமா சட்டி சாயுது. பால் மேற்கால வழிஞ்சா நல்லதில்லையே."

இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கொட்டும். லொறி ஓட்டுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஈரச் சாக்கால் சட்டியைப் பிடித்து, நசுங்கின பக்கம் கிழக்கே வருமாறு திருப்பி, மேற்குப் பக்கம் ஒரு ஓட்டுத்துண்டைச் செருகினேன்.

பத்து முப்பத்தேழு. பால் நுரைத்து எழும்பி, விளிம்பில் ஒரு நிமிடம் யோசித்து, கிழக்கே பார்த்துக் கொட்டியது. சோமாக்காதான் முதலில் கைதட்டினார். பரமேஸ்வரி சிரித்துக்கொண்டே அழுதாள். சிவலிங்கம் போனை அன்றைக்கு முதல் தடவையாகப் பைக்குள் போட்டான். எனக்கும் கண் கலங்கியது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

5. கொடி

அடுத்த வருடம் சோமாக்காவின் மகள் பலாங்கொடைக்கு வீடு மாறினாள். ஹயர் எனக்குத்தான் வந்தது. சாமான் ஏற்றக் கொடகவெலையில் போய் இறங்கினால், பக்கத்தில் பரமேஸ்வரி வீட்டு முற்றத்தில் ஒரு தும்புக் கயிற்றுக் கொடி, நிறையத் துணி. நடுவில் ஒரு முடிச்சு.

"நீங்க அறுத்த கயிறுதாண்ணே. முடிச்சு நான் போட்டது" என்றாள். இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தாள். நசுங்கின சட்டி குசினி ஜன்னலில் பளபளத்தது. தட்டிச் சரியாக்கித் தரவா என்று கேட்டதற்கு, "தொட்டுறாதீங்க. அது சாயிற பக்கம் எங்களுக்குச் சரியா இருக்கு" என்றாள்.

தம்பிமாரே, நான் கற்றது இவ்வளவுதான். வீட்டுச் சாமானில் முதலில் ஏறுவது கடைசியில் இறங்கும். அதனால் ஹயர் பேசும்போதே, வாசலில் இறங்கினதும் முதலில் எது வேண்டும் என்று கேளுங்கள். அதையும் வீட்டுத் தலைவரிடம் கேட்காதீர்கள். மூட்டை கட்டினது யார் என்று விசாரித்து அவர்களிடம் கேளுங்கள்.

அன்றைக்கும் சோமாக்காவின் மகள் தன் பால் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் நின்றாள். நான் ஏற்றுவதை நிறுத்திவிட்டு பரமேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"தங்கச்சி, இத எங்க வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"இதத்தாண்ணே அன்னிக்கு நான் கேட்டேன்" என்று சொல்லி, கெபின் கதவைத் திறந்துவிட்டாள்.