பசி ஊசியும் நோன்புக் கஞ்சியும்

வாரத்துக்கு ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும். வயிற்றுச் சதையைப் பிடித்து நாமே குத்திக்கொள்ள வேண்டியதுதான். என் சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து இராமநாதபுரத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டது போதும் என்று உடம்புக்குச் சொல்கிற ஹார்மோன் ஒன்று இருக்கிறதாம், இந்த மருந்தும் அதன் வேலையைச் செய்யுமாம். "பசி வராது. அதுக்காகச் சாப்பிடாம இருந்துறாதீங்க, மணியைப் பாத்துச் சாப்பிடுங்க" என்றார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. ரமலானுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் பசி வராது என்று ஒருவர் சொன்னால், நோன்பு வைக்கிறவனுக்கு அதற்குமேல் என்ன கேட்கும்!

நான் கல்யாண வீடுகளுக்கு ஆக்கிப்போடுகிற பண்டாரி. ரமலான் வந்துவிட்டால் எங்கள் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவேன். இருபது வருஷமாக அந்தப் பெரிய அண்டாவுக்கு முன்னால் கஞ்சி கிளறுகிற துடுப்போடு நிற்பது நான்தான். இதில் எனக்கு ஒரு வீம்பு உண்டு. கஞ்சியை நாக்கில் வைத்து ருசி பார்க்க மாட்டேன். நுனிநாக்கில் தொட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லிவிட்டார். நான் கேட்டால்தானே! தேங்காய்ப்பால் ஊற்றியபின் உப்பைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கிளறுவேன். ஆவியில் வரும் மணத்துக்கு எந்தக் கையில் எனக்கு எச்சில் ஊறுகிறதோ அதோடு நிறுத்திவிடுவேன். உப்புக்கு ஏது மணம் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு நாளும் தப்பியதில்லை.

ஊசி போட ஆரம்பித்த மூன்றாவது வாரமே பசி போய்விட்டது. கல்யாண வீட்டில் நானே ஆக்கிய பிரியாணியில் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "ஏங்க, வேற எங்கயும் சாப்பிட்டு வந்தீகளா?" என்று என் மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். எனக்கோ ஒரே குஷி. ரமலான் பிறந்ததும், விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்.

நாலாவது நோன்பன்று ஒன்றைக் கவனித்தேன். அரிசி உடைந்து குழைகிற வரைக்கும் முன்பெல்லாம் துடுப்பை ஒரு தடவைதான் கை மாற்றுவேன். அன்று ஆறு தடவை மாற்றினேன். மறுநாள் எட்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஊசி போட்டுக்கொண்டால் சனிக்கிழமை ரொம்ப மோசம். துடுப்பு அண்டாவின் அடியில் ஒட்டிக்கொண்டாற்போல இழுக்கும். எனக்கு இது விளங்கவே இல்லை. பசி இல்லை. வயிறு திம்மென்றுதான் இருக்கிறது. பிறகு கைக்கு மட்டும் என்ன கேடு வந்தது? இந்த ஆராய்ச்சியிலேயே இரண்டு நாள் ஓடிவிட்டது.

நான் கை மாற்றுவதை ஜமாத் செயலாளரும் பார்த்திருக்கிறார். "முடியலைன்னா சொல்லுங்க காக்கா, உச்சிப்புளியில ஒரு ஆள் இருக்காக, கூப்பிட்டுக்கிருவோம்" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ துடுப்பை இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றியது. பதினோரு மாதம் காசுக்கு ஆக்குகிறவன் நான். இந்த ஒரு மாதம்தான் அல்லாஹ்வுக்காகக் காய்ச்சுகிறேன். துடுப்பை விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது? "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை உப்புப் போட நின்றேன். ஒரு கை போட்டேன், எச்சில் ஊறவில்லை. இன்னொரு கை போட்டேன். வழக்கமான அளவு தாண்டிவிட்டது என்று கைக்குத் தெரிகிறது, வாய் மட்டும் காய்ந்த கட்டையாகக் கிடக்கிறது. கையை நம்பாமல் வாயை நம்பினேன். மடையன்! சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளிகள் வரிசையில் வந்தன. ஊற்றத் தொடங்கினேன்.

முதல் வாளி ஆட்டோக்காரனுடையது. கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்கு வருகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றி வருகிறவன், பக்கத்துத் தெரு இந்துக் குடும்பம், என்னை மாமா என்பான். தன் பிள்ளைகளுக்காக வருஷா வருஷம் கஞ்சி வாங்கிப் போவான். போனவன் கால்மணி நேரத்தில் ஓடி வந்தான்.

"மாமா, ஊத்துறத நிப்பாட்டுங்க. பிள்ளைக வாயில வைக்க முடியல, அம்புட்டு உப்பு!"

அதற்குள் பாதி அண்டா காலி. மிச்சத்தில் வெந்நீரைக் கொட்டிக் கிளறினேன். அன்று பாதி ஊர் கடலையும் பாதி ஊர் கழுநீரையும் குடித்து நோன்பு திறந்தது. ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவமானத்தில் செத்தே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஊசி உங்க தெம்பை உறிஞ்சல. நீங்க உள்ள எதுவுமே போடல. பசி இல்லைன்னா வயிறு நெறைஞ்சிருக்குன்னு அர்த்தமா?" என்றார். சஹருக்கு முட்டை, பயறு, போதுமான தண்ணீர், அப்புறம் கட்டாயம் சர்க்கரை பார்ப்பது. தலை சுற்றினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றார். அன்றிலிருந்து மனைவி கடிகாரத்தைப் பார்த்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். ஒரு வாரத்தில் கை பழையபடி ஒரு மாற்றலுக்கு வந்துவிட்டது. சோறு உள்ளே போனால் தெம்பு வருகிறது, பசி வருவதில்லை. இரண்டும் ஒன்று என்றே ஐம்பத்தாறு வயது வரை நினைத்திருக்கிறேன்!

ஆனால் உப்பு? அது மட்டும் பிடிபடவே இல்லை. கடைசியில் வீம்பை மூட்டை கட்டிவிட்டு ஆட்டோக்காரனிடம் கேட்டேன். என் நாக்கை நானே நம்பாதபோது துப்பிப் பார்த்து என்ன பயன்? "நீ நோன்பில்லையே மாப்ள, தெனம் வந்து உப்புப் பாத்துச் சொல்லேன்." சவாரியை விட்டுவிட்டு மூன்றரைக்கெல்லாம் வந்து நிற்பான். கரண்டியில் ஊதிக் குடித்துவிட்டு, "அரைக் கை போடலாம் மாமா" என்பான். அவன் சொன்னால் மிகச் சரியாக இருந்தது. உச்சிப்புளி ஆளைப் பற்றிச் செயலாளர் அப்புறம் பேசவில்லை.

இருபத்து மூன்றாம் நோன்பன்று வந்தவனின் முகம் வாடிக் கிடந்தது.

"மத்தியானம் என்னடா சாப்பிட்ட?"

"இன்னும் இல்ல மாமா."

"மணி மூணரை ஆகுது. என்ன வேல உனக்கு?"

தலையைச் சொறிந்தான். "மொத நாளு சாப்பிட்டுட்டு வந்தேன். வகுறு நெறஞ்சிருந்தா எல்லாக் கஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு, உப்பு புடிபடல. அதான் காலையில இருந்து ஒண்ணும் திங்காம வாரேன்."

இத்தனை நாளும் எனக்குச் சேர்த்து இவன் பசித்திருக்கிறான். பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சியை ஊற்றி நீட்டினேன். அவன் வாங்காமல் பின்னால் நகர்ந்தான்.

"நீங்க நோன்போட நிக்கிறீக, உங்க முன்னால வச்சு எப்பிடி மாமா..."

"எனக்குப் பசிக்கலடா" என்று அதட்டினேன். "என் பசியும் உன்கிட்டதான் இருக்கு. குடி."