கடலுக்கு நாற்பது டிக்கெட்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில் ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம்: யாருக்கு வாந்தி, யாருக்கு ஜன்னல் சீட், யாருடைய செருப்பைக் காணோம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு பஸ் ஆட்களைக் கூட்டிப்போய்த் திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் முதலாளியிடம் எனக்கு இந்த வேலை. மாதம் ஒரு முறை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேரைக் கடலூர் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல் நாள் பயணம், சத்திரத்தில் தங்கல். மறுநாள் காலையில் படகு, தூண்டில், கரையோர நடை. மத்தியானம் சாப்பிட்டதும் திரும்பல். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்க்காதவர்கள். என் மனைவி ரோசம்மாவும் பார்த்ததில்லை. அடுத்த தடவை உனக்குத்தான் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வேன். கடைசிச் சீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள்.

மதகு எங்கே?

பாரூரிலிருந்து முனுசாமி என்று ஒரு விவசாயி வந்திருந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். தண்ணீரைக் கண்டால் குச்சி நட்டு மட்டம் பார்ப்பது அவர் பழக்கம். துறைமுகக் கால்வாய் ஓரத்திலும் காலையில் ஒரு குச்சி நட்டுவிட்டுப் படகேறப் போனார். பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. ஓரத்தில் கட்டியிருந்த தோணிகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

மனிதர் பதறிவிட்டார். யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள் என்று கரையோரமாக அரை மைல் தேடிக்கொண்டே நடந்தார். பின்னால் நான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "இது கடல் வத்தம், பெரியவரே. சாயங்காலம் தானா ஏறிடும்" என்றார். நானும் அவரும் சேர்ந்து ஏமாற்றுவதுபோல முனுசாமி என்னை முறைத்தார். "உட்ட தண்ணி திரும்பி வருமா? அப்படி ஒரு ஏரி எங்களுக்கு இருந்தா, நான் ஏம்பா வானத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கறேன்?"

ஓட இடம்

ஜவளகிரி சென்னப்பா காட்டோரத்தில் கேழ்வரகு போட்டு, பரண் மேல் உட்கார்ந்து யானை விரட்டுகிறவர். படகில் ஒரு காலை வைத்தார். படகு ஆடியது. காலை எடுத்துக்கொண்டார். இருபது வருஷமாகக் கவிழாத படகு என்று படகோட்டி சத்தியம் செய்தார். "ஆனைக்கே பயப்படாத ஆளு நீங்க" என்று நான் உசுப்பிப் பார்த்தேன். ஏறியவர்கள் எல்லோரும் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். சென்னப்பா அவசரமே இல்லாமல் துண்டை மடித்துக் கல்சுவர் மேல் போட்டு உட்கார்ந்தார். "ஆன வந்தா ஓடறதுக்குக் கீழ பூமி இருக்குது சாமி. இதுல இருந்து நான் எங்க ஓடறது?"

களி உருண்டை

ஓசூர்ப் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர், தூண்டிலோடு ஒரு தூக்கு நிறையக் கேழ்வரகுக் களியும் கொண்டுவந்தார். ஏரி மீனுக்குக் களிதான் இரை. உருட்டி முள்ளில் குத்தினால் மீன் வரிசையாக வரும் என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார். துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். களி கரைந்ததே தவிர ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு மீனவர் இறாலைக் குத்திப் போட்டு, கூடை நிறைய இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் வாத்தியார் முகத்தைப் பார்க்கவில்லை. மீனவருக்கே பாவமாகிவிட்டது. தூக்கிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, தன் சோற்றுச் சட்டியிலிருந்த மீன்குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். நாலு மீனை வாத்தியார் பக்கம் தள்ளிவிட்டு, தூக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மீனுக்கு நாக்கு செத்துப்போச்சு சார். அடுத்த தபா வந்தாலும் நீங்க இதையே எடுத்துக்கினு வாங்க."

வீட்டில் கேட்டது

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்வேன். ரோசம்மா சிரிப்பாள். எங்கள் கோவிலில் ஒரு படம் உண்டு. புயலில் படகு தத்தளிக்கும், இயேசு அதில் தூங்குவார். அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் போகும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். நான் இரண்டு வருஷம் தட்டிக்கழித்தேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். கோபமில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஊருக்கெல்லாம் கடலக் காட்டறீங்க. எனக்குக் கத சொல்றீங்க."

எண்ணிக்கை

முதலாளியிடம் கேட்டேன். சமையல்காரருக்கு ஒத்தாசை செய்தால் வரட்டும் என்றார். பஸ்ஸின் கடைசியில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் அவளுக்கு இடம். போய்ச் சேர்ந்ததிலிருந்து மாவு, காபி, காய் நறுக்கல். மற்றவர்கள் படகில் போனபோது அவள் சத்திரத்தில் அண்டா தேய்த்தாள். மத்தியானப் பந்தி முடிந்த பிறகுதான், "ஓடிப்போய்ப் பாத்துட்டு வா" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்களை ஏற்றி எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. விசில் கொடுத்தேன். நான் எண்ணுவது டிக்கெட்டை. அவளுக்கு டிக்கெட் கிடையாது. சமையல்காரர் அரிசிச் சாக்கில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பண்ருட்டியில் டீக்கு நிறுத்தினோம். "உங்க வீட்டம்மா எறங்கலயா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பினார். நாற்பது பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அதைக் கண்டு எனக்குப் பயம் கூடியது. தெரிந்த புனிதர்களையெல்லாம் வழிநெடுக வேண்டிக்கொண்டே வந்தேன்.

முகத்துவாரத்துக் கல்சுவரில், மீன் விற்கிற பெண்கள் இருவருக்கு நடுவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் நான் அழுதுவிட்டேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "பஸ் கெளம்பினதப் பாத்தேன். கத்தியிருந்தா நின்னிருக்கும். போவட்டும், கொஞ்ச நேரம் யாரும் கூப்டாம பாக்கலாம்னு உட்டுட்டேன்."

அதற்கப்புறம் அந்த வேலையில் இருந்தவரை அவளைத்தான் முதல் ஆளாக எண்ணினேன். அவள் வீட்டில் இருந்த மாதங்களிலும் எனக்கு நாற்பத்தொன்று வரும், டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.