வெல்ஷ் பாடிய செவ்வாய்க்கிழமைகள்

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் வாய்விட்டுப் பாட வேண்டுமென்றால் நான் காருக்குள் போய் உட்கார வேண்டும். எங்கள் அபார்ட்மெண்ட்டின் மரத்தரை என் குரலை அப்படியே கீழ்வீட்டுக்கு இறக்கிவிடுகிறது. இரண்டு முறை மிகப் பணிவான ஒரு சீட்டு கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அதனால் சனிக்கிழமை காலைகளில் காய்கறிக்கடையின் பார்க்கிங்கில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுப் பாடுவேன். அப்படி ஒருநாள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, கடைவாய் வழியாகக் காற்றை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி கண்ணாடியைத் தட்டினார். "மேம், ஆர் யூ சோக்கிங்?" தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பயந்துவிட்டார். பாட்டுப் பயிற்சி என்றேன். வேல்ஸிலிருந்து வந்த பாட்டு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, ஃப்ரம் வேல்ஸ்! தட்ஸ் பியூட்டிஃபுல்!" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனார். வேல்ஸ் என்ற நாட்டை ஆங்கிலத் திமிங்கிலமான 'வேல்' ஆக்கி, நான் திமிங்கிலங்களின் பாட்டைக் கற்றுக்கொண்டிருப்பதாக அவர் புரிந்துகொண்டார் என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். வேல்ஸ் நாட்டு ராக் இசைக்குழு ஒன்று, நான்கு பேர், தங்கள் புதிய ஆல்பத்தோடு அமெரிக்காவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. போகும் ஊரிலெல்லாம் அந்த ஊர்ச் சேர்ந்திசைக் குழு ஒன்றை மேடையேற்றி, ஆல்பத்தின் கடைசிப் பாட்டைச் சேர்ந்து பாடவைப்பது அவர்கள் வழக்கம். நியூ ஜெர்சியில் அந்த வாய்ப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. ஒரு சர்ச் ஹாலில் செவ்வாய்தோறும் கூடும் முப்பத்திரண்டு பேர். அதில் தமிழச்சி நான் ஒருத்திதான். என் பதினாறு வயது மகள் நிலா அந்த இசைக்குழுவின் பரம ரசிகை. செய்தியைச் சொன்னதும், "யூ? வித் தெம்? ஆன் ஸ்டேஜ்?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றிலும் சந்தேகம் தொனித்தது.

அவள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. நான்கு வருடங்களாக அந்தக் குழுவில் எனக்கு மூன்றாம் வரிசைதான். நடத்துநர் மார்ஜி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நல்ல மனுஷி. முதல் நாளே என்னிடம், "அழகான குரல், ஆனால் எல்லோரோடும் கலந்து பாடு" என்றார். என் குரலில் ஊர் தெரிகிறது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கயல்விழி என்ற என் பெயரும் முதல் வாரத்திலேயே 'கே' ஆகிவிட்டது. வேலைசெய்ய அனுமதியில்லாத விசாவில் வந்து, ஆறு வருடம் வீட்டுக்குள் இருந்தவள் நான். கூப்பிட ஆள் இருக்கிறதே என்று அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

பாட்டு முழுக்க வேல்ஸின் தாய்மொழியான வெல்ஷில். முதல் சொல்லே குரல் என்று பொருள்படும் சொல். அதன் முதல் ஒலி ஆங்கிலத்தில் கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆனால் தெரியாத மொழியில் பாடுவது எனக்குப் புதிதல்ல. பெரம்பூரில் பாட்டு கற்ற எட்டு வருடமும் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழில் எழுதிவைத்துத்தான் பாடினேன். ஓர் எழுத்து பிசகினாலும் பாட்டு டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டி நிறுத்திவிடுவார். "அர்த்தம் அப்புறம் வரும்டி, முதல்ல எழுத்த ஒழுங்கா சொல்லு" என்பார். அதே பழக்கத்தில் வெல்ஷ் வரிகளையும் நோட்டில் தமிழில் எழுதி, அந்த ஒலி வரும் இடத்திலெல்லாம் லகரத்தின் மேல் ஒரு நட்சத்திரம் போட்டேன். மொத்தம் ஏழு நட்சத்திரங்கள்.

கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பு, அந்த இசைக்குழுவின் பாடகர் ரீஸ் பயண பஸ்ஸிலிருந்து வீடியோவில் வந்து எங்களைக் கேட்டார். பாடினோம். நட்சத்திர இடங்களில் ஆளுக்கொரு சத்தம் வந்தது. சிலர் இருமினார்கள், சிலர் துப்பினார்கள். ரீஸ் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். முடிந்ததும், "கவலைப்படாதீர்கள். இங்கிலீஷ் வரிகளும் இருக்கின்றன. போன மூன்று ஊரிலும் இங்கிலீஷில்தான் பாடினார்கள். பரவாயில்லை" என்றார். ஹாலில் எல்லோருக்கும் நிம்மதி. மார்ஜி ஆங்கிலத் தாள்களை எடுக்கவே போய்விட்டார்.

எனக்கு மட்டும் அந்தப் 'பரவாயில்லை' எங்கோ போய்த் தைத்தது. நிலாவுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளி வாசலில், காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள். நான் களைத்துப்போயிருந்தேன். "சரி, பரவால்ல, இங்கிலீஷே போதும்" என்று வண்டியைத் திருப்பினேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று அந்தத் திரையில், ரீஸின் முகத்தில் பார்த்தேன்.

கையைத் தூக்கிவிட்டேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. "அடுத்த செவ்வாய் வரைக்கும் டைம் கொடுங்கள். நாங்கள் சரியாகச் சொல்வோம்" என்றேன். முப்பத்தொரு தலைகள் திரும்பின. ரீஸ், "நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். முதல் வரியைப் பாடினேன். பாடி முடித்ததும் அவர் பஸ்ஸுக்குள் திரும்பி யாரையோ கூப்பிட்டார். ட்ரம்மர் வந்தார். "இன்னொரு தடவை பாடுங்கள்" என்றார் ரீஸ்.

அந்த வாரம் எங்கள் வீடே ஒரு பாடசாலையானது. வரி வரியாகப் பாடிப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் நானே போய் அனுமதி கேட்டேன். என் கணவர் பாஸ்கர், "நீ பாடு, சமையல நான் பாத்துக்கறேன்" என்று இறங்கிவிட்டார். போனைப் பிடித்துப் பதிவுசெய்தவள் நிலா. நோட்டை எட்டிப் பார்த்தவள், "வெயிட், இது தமிழா வெல்ஷா?" என்றாள். எழுத்து தமிழ், பாட்டு வெல்ஷ் என்றேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி ஒரு வரியைப் படித்தாள். ஏழெட்டு நிமிடம் ஆனது. முடித்துவிட்டு, "தட் வாஸ் ஹார்ட்" என்றாள். அடுத்த வரிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மார்ஜி என்னை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் மூன்றாம் வரிசையில் போய் நின்றார். "லகரம் சொல்லப் போவது போல நாக்கை வையுங்கள். அப்படியே இருக்கட்டும். குரல் வேண்டாம். ஓரத்தில் காற்றை விடுங்கள், கோபக்காரப் பூனை மாதிரி" என்றேன். முப்பத்தொரு பூனைகள் சீறின. ஒரு மணி நேரத்தில் சீற்றம் சொல்லாகியது, சொல் பாட்டாகியது. தொடக்க வரியைத் தனியாகப் பாட வேண்டியவர் சூசன், எங்கள் குழுவின் முதன்மைப் பாடகி. பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து தன் தாளை நீட்டினார். "கே, இது உன் வரி. நீ பாடுவதைக் கேட்டபிறகு என்னால் பாட முடியாது."

கச்சேரி ஒரு ஞாயிறு பிற்பகல், ஜெர்சி சிட்டியில் ஒரு பழைய தியேட்டரில். ஒத்திகையின்போது ரீஸ் என் பெயரைக் கேட்டார். கே என்றேன். "அது எழுத்து. பெயர்?" என்றார். சொன்னேன். ழி வரவில்லை. நாக்கை மடிக்கச் சொன்னேன். கிதாரைத் தோளில் மாட்டியபடி நின்று, நாலாவது தடவையில் சரியாகச் சொன்னார். "என் மகளும் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறாள்" என்றார் சம்பந்தமில்லாமல். நான் தலையாட்டினேன்.

பிறகு விளக்குகள் அணைந்தன. ட்ரம்மின் அதிர்வு என் விலா எலும்புகளுக்குள் இறங்கியது. கடைசிப் பாட்டுக்கு நாங்கள் மேடையேறியதும் ரீஸ் மைக்கில், "முதல் வரி, கயல்விழி" என்றார். அமெரிக்காவில் அத்தனை பேர் முன்னால் அத்தனை சுத்தமாக என் பெயர் ஒலித்ததில்லை. நான் தனியாகப் பாடினேன். ஏழு நட்சத்திரங்களில் முதலாவது தியேட்டரின் கடைசி வரிசை வரை போய்த் திரும்பியது. முப்பத்தொரு குரல்கள் சேர்ந்துகொண்டன, பின்னாலேயே கிதார்கள். பாட்டு முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கத்தியது. அந்த இரைச்சலில் ஒரு குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. "தட்ஸ் மை மாம்!" ஆங்கிலத்தில்தான். எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து தனக்குக் கைகொடுத்ததாக பாஸ்கர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் கலையும்போது, வெளிவாசல் கூடத்தில் ஒரு வயதான அம்மையார் ஊன்றுகோலோடு என்னை நோக்கி வந்தார். என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, கண்ணீர் வழிய, மடை திறந்ததுபோலப் பேசத் தொடங்கினார். ஆங்கிலம் அல்ல, வெல்ஷ். நான் அந்த மொழிக்காரி என்றே நம்பிவிட்டார். யாரோடும் பேசக் கிடைக்காமல் எத்தனை வருடம் அந்த மொழி அவருக்குள் தங்கிக் கிடந்ததோ. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஐ ஆம் சாரி என்று தொடங்க வாயெடுத்தேன், அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா," என்றேன். "தனியாவா வந்தீங்க? வீடு ரொம்ப தூரமா?" அவர் பலமாகத் தலையசைத்தார், எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டதுபோல. பிறகு இன்னும் வேகமாக வெல்ஷில் தொடர்ந்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்களைச் சுற்றிக்கொண்டு கூட்டம் ரயிலுக்கும் பார்க்கிங்குக்கும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கையை விடாமல் பேசிக்கொண்டே நின்றோம்.